முழங்காலுக்கு அடியில் தலையணை கூடாது

ஜனவரி 9

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. மருத்துவமனைக் கட்டிலை ஒரு பொத்தானில் உயர்த்தலாம், இறக்கலாம். இங்கே கட்டில் தாழ்வு, கழிவறை இருக்கை அதைவிடத் தாழ்வு. அதன்மேல் பொருத்தும் உயரமான பிளாஸ்டிக் இருக்கையை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தோம். இன்று அதில் உட்கார்ந்து எழுந்தபோது, இந்த வீட்டிலேயே உருப்படியான சாமான் அதுதான் என்று தோன்றியது. மிதியடிகளையெல்லாம் மகள் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள், வாக்கரின் கால் சிக்கிவிடக்கூடாது என்று.

மாற்றியது வலது முழங்கால். தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவிவிட்டு, தொடை எலும்பின் நுனியில் ஓர் உலோக உறையும் கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் அன்று மாலையே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். புது மூட்டு முதல் நாளே உடம்பின் எடையைத் தாங்கும். தாங்க மறுப்பது அதைச் சுற்றியிருக்கும் சதைதான்.

ஜனவரி 10

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். சின்னப் பையன், மகன் வயதுகூட இருக்காது. உள்ளே வந்ததும் முழங்காலுக்கு அடியிலிருந்த தலையணையை உருவி எடுத்தார். "அம்மா, இது மட்டும் வேண்டவே வேண்டாம்."

அந்தத் தலையணையில்தான் எனக்கு உயிரே இருந்தது. முழங்கால் லேசாக மடங்கி இருந்தால் வலி பாதியாகிவிடுகிறது. ஆனால் மடங்கியபடியே கிடந்தால் பின்பக்கத் தசையும் சவ்வும் அந்த நீளத்துக்கே சுருங்கிவிடும், அப்புறம் கால் முழுதாக நிமிராது, வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடக்க வேண்டும் என்றார். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் அந்தரத்தில் தொங்கி, தன் எடையிலேயே மெல்ல நேராகிறது. பத்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டுமாம். இரண்டாவது நிமிடத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தேன்.

எல்லோரும் காலை மடக்குவதைப் பற்றித்தான் பேசுவார்கள். நிமிர்த்துவதும் அதே அளவு முக்கியம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுகமாக இருப்பது எதுவோ அதுதான் கெடுதல். ஓய்வெடுத்து உடம்பைத் தேற்றலாம் என்று வந்தவளுக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

ஜனவரி 12

என் கணவர் மாத்திரைகளுக்கு ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். வலி மாத்திரையை வலி வந்தபிறகு போடுவதைவிட, பயிற்சிக்கு அரைமணி முக்கால்மணி முன்னால் போடுவதுதான் சரி. ரத்தம் கட்டாமல் இருக்கத் தனி மாத்திரை. கூடவே மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தை மேலே தள்ளும், நாளத்தில் தேங்கவிடாது. கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் நேரம் காலம் பார்க்காமல் உடனே கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கடுமையான வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். இதைக் கூச்சப்படாமல் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு, அதற்கும் மருந்து வாங்கிக்கொள்வது நல்லது. இதற்குமேல் எழுதப் போவதில்லை.

ஜனவரி 15

பகலை ஓட்டிவிடலாம். ராத்திரியைத்தான் ஓட்ட முடியவில்லை. இடது பக்கம் புரள முடியாது, வலது பக்கம் நினைக்கவே வேண்டாம். விளக்கை அணைத்ததும் முழங்கால் விண்விண் என்று ஆரம்பிக்கிறது. ஐஸ் பையைத் துணியில் சுற்றி வைத்தால் சற்று அடங்கும்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தது: 1890-ல் பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் க்ளூக் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் கெட்டுப்போன முழங்காலில் யானைத் தந்தத்தால் செய்த கீல் ஒன்றைப் பொருத்தினாராம். கிருமி தொற்றியதால் அந்த முயற்சிகள் நிலைக்கவில்லை. இன்று வைக்கும் மூட்டுகளுக்கு முன்னோடி 1974-ல் நியூயார்க்கில்தான் வந்தது. தந்தக் கீலோடு கிடந்தவருக்கு ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லை. அதைப் படித்ததும் என் வலி குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு மணி நேரம் போனது.

ஜனவரி 17

கணுக்கால்வரை நீலம் பாய்ந்திருக்கிறது. பயந்துபோய் போன் செய்தோம். உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குவதுதான், தானே மறையும் என்றார்கள். மகளுக்கு நிம்மதி. என் காலைப் பார்த்தால் எனக்கே யாருடையதோ போல இருக்கிறது.

ஜனவரி 20

காயத்தை மூடியிருந்த பின்களை எடுத்தார்கள். எறும்புக் கடி அளவுதான், இதற்கா இத்தனை நாள் பயந்தோம்! கோணம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்ததில் மடங்குவது 82 டிகிரி. சமதரையில் நடக்க எழுபதுக்குள் போதும், மாடிப்படிக்கு ஏறத்தாழ தொண்ணூறு, நாற்காலியிலிருந்து சுலபமாக எழ அதற்கும் கொஞ்சம் மேலே வேண்டும் என்றார்கள். வலி எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் விழிப்பேன். இனிமேல் டிகிரியைச் சொல்லிவிடலாம்.

ஜனவரி 22

இன்று கணவரோடு சண்டை.

கட்டிலில் படுத்தபடி, முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்க வேண்டும். மூளை சொல்கிறது, தொடை கேட்கவில்லை. முயற்சி போதவில்லையோ என்று என்னையே கரித்துக்கொண்டிருந்தேன். பிசியோ தம்பிதான் விளக்கினார்: மூட்டுக்குள் வீக்கம் இருந்தால் தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் உத்தரவை நரம்பே தடுத்துவிடுமாம், அடிபட்ட மூட்டுக்குக் காவல் போடுகிற மாதிரி. முதல் மாதத்தில் அந்தத் தசையின் வலுவில் பாதிக்கும் மேல் போய்விடுவது சகஜம். அதனால் வீக்கத்தைக் குறைப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இது தெரியாமல் கணவர் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து காலைத் தூக்கி வைக்கிறார். கட்டிலில் ஏறினால் தூக்கி வைக்கிறார், இறங்கினால் தூக்கி இறக்குகிறார். தண்ணீர் கேட்கும் முன்னே தம்ளர் வந்துவிடுகிறது. "விடுங்க, நானே பண்றேன்" என்று கத்திவிட்டேன். "முகம் சுளிக்கிறியே, பார்த்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?" என்றார். முகம் சுளிக்காமல் இதைச் செய்ய முடியாது என்பது அவருக்குப் புரியவில்லை. புரிந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது போலிருக்கிறது. கடைசியில் ஓர் உடன்பாடு: நான் "ம்" என்றால்தான் தொட வேண்டும். நல்ல காலின் பாதத்தை மற்றதற்கு அடியில் கொடுத்துத் தூக்கும் வித்தையைப் பழகிக்கொண்டேன். குளிக்க மட்டும் துணை வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சம் இன்னும் விடவில்லை.

ஜனவரி 27

பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு முழங்கால் கதை இருக்கிறது. ஒருவரின் அண்ணி பத்தாம் நாளே மாடி ஏறினாராம். இன்னொருவரின் சித்தப்பா ஒரு வருஷமாகியும் கட்டிலோடு கிடக்கிறாராம். இரண்டையும் என் வயது, என் எலும்பு, என் சதையோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது? வருகிறவர்கள் சொல்லாமல் வந்தால் பயிற்சி நேரம் போகிறது, அதுதான் உண்மையான நஷ்டம். இனி மாலையில் மட்டும் வரச் சொல்லியிருக்கிறோம்.

பிப்ரவரி 4

வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறினேன். அதை இடது கையில் பிடிக்க வேண்டும், மாற்றிய காலுக்கு எதிர்ப்பக்கம். வலது காலில் எடை விழும் அதே நேரம் கோலும் தரையில் ஊன்றி பாரத்தைப் பங்கிடுகிறது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில், கோலும் அதோடு.

இதெல்லாம் முன்னேற்றம்தான். ஆனாலும் இரண்டு நாளாகக் காரணமில்லாமல் அழுகை வருகிறது. தூக்கமில்லாமை, வலி மாத்திரை, நாலு சுவர் எல்லாமாகச் சேர்ந்து இப்படிச் செய்யும், பலருக்கும் வருவதுதான், நீடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார் டாக்டர். "தைரியமா இரு" என்று சொல்லாதது ஆறுதலாக இருந்தது.

பிப்ரவரி 17

ஆறாவது வாரப் பரிசோதனை. மடங்குவது 108 டிகிரி, முழுதாக நிமிர்கிறது. தழும்பின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடப்பதைக் காட்டினேன். கீறும்போது தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை அறுபடும், மரத்த இடம் நாளடைவில் சுருங்கும், கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சும் என்றார் டாக்டர். நடக்கும்போது கேட்கும் 'டக் டக்' உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம். சூடும் வீக்கமும் முழுதாக வடிய மாதக்கணக்காகலாம், ஒரு வருஷம்வரைகூட மெல்ல மெல்ல முன்னேறிக்கொண்டே இருக்கும்.

இடது முழங்காலின் எக்ஸ்ரேயையும் பார்த்தார். அதுவும் தேய்ந்திருக்கிறது. எப்போது என்று அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். படத்தைப் பார்த்து நாள் குறிப்பதில்லை, நடப்பதும் தூங்குவதும் எப்போது தாங்க முடியாமல் போகிறதோ அப்போது பேசலாம் என்றார். கணவர் அந்த உயர இருக்கையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று வரும் வழியில் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.