நிரல் தெரியாமல் கருப்பட்டிக் கடைக்கு இணையதளம் அமைத்த அனுபவம்

உடன்குடியில் எங்கள் குடும்பம் நடத்தும் கருப்பட்டிக் கடைக்கு வெளியூர் வாடிக்கையாளர்கள் அதிகம். விலை என்ன, கூரியர் செலவு எவ்வளவு, பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்த பிறகுதான் சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். வணிகவியல் படித்த எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தளத்தைக் கட்டுவதற்கு அது பெரிய தடையாக இருக்கவில்லை; கடையைப் பற்றி நாங்களே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருந்த விஷயங்கள்தாம் நேரத்தை எடுத்துக்கொண்டன.

இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபை போன்ற மாதக் கட்டணச் சேவைகள் எளிமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பதநீர் இறங்கும் சில மாதங்களோடு காய்ச்சும் வேலை முடிந்துவிடும் இந்தத் தொழிலில், சரக்கு தீர்ந்த மாதங்களுக்கும் கட்டணம் கட்டுவது கட்டுப்படியாகாது. அதனால் தளம் அமைக்க இலவசமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளையும், அதன்மேல் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்ற பிளகினையும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) தேர்ந்தெடுத்தேன். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனுக்கும், தளத்தை இணையத்தில் வைக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்குக்கும் மட்டும் ஆண்டுக்கொரு முறை பணம் கட்டினால் போதும். டொமைன் வாங்குபவர்கள் முதலாண்டுச் சலுகை விலையை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையைப் பார்ப்பது நல்லது. ஹோஸ்டிங் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் வேர்ட்பிரஸ் நிறுவப்பட்டது. முகவரியை https என்று தொடங்க வைக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசமாகவே கிடைத்தது. வேர்ட்பிரஸில் 2018 இறுதியில் வந்த பிளாக் எடிட்டர் என்ற பக்கம் எழுதும் கருவியில் பத்தி, படம், பொத்தான் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து வைக்கலாம் என்பதால், பக்கங்களை அடுக்குவது வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் தெரிந்தவருக்கு எட்டாத வேலை அன்று.

தமிழில் தளம் அமைப்பவர்கள் ஒன்றை முதலிலேயே கவனிக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாகவும் வைத்துக்கொள்கிறது. அந்த முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது ‘க’ என்ற ஓரெழுத்தே சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த ஒன்பது குறிகளாக விரிந்துவிடுவதால், ‘சுக்குக் கருப்பட்டி’ என்ற பக்கத்தின் இணைப்பு வாட்ஸ்அப்பில் பல வரிகளுக்கு நீள்கிறது. பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே தலைப்பைத் தமிழிலும், முகவரிப் பகுதியை மட்டும் ஆங்கில எழுத்துகளிலும் வைத்தேன்.

சரக்குகளைப் பதிவேற்றும்போது வேறொரு சிக்கல் எழுந்தது. சிரட்டையில் ஊற்றி எடுக்கும் கருப்பட்டி வட்டுகள் ஒரே எடையில் அமைவதில்லை. சிரட்டைக்குச் சிரட்டை எடை மாறும். வூகாமர்ஸோ ஒரு பொருளுக்கு ஒரு விலையைக் கேட்கிறது. வட்டுக் கணக்கை விட்டுவிட்டு ஒரு கிலோப் பொட்டலமே அலகு என்று வைத்து, வட்டுகளின் எண்ணிக்கை கூடலாம், குறையலாம் என்று விளக்கத்தில் எழுதினோம். அனுப்பும் செலவைக் கணக்கிடுவதும் இதனால் எளிதாயிற்று. எடைக்கேற்பக் கட்டணம் கணக்கிடும் வசதி வூகாமர்ஸில் இயல்பாக இல்லை. ஆனால் நிலையான கட்டணத்துக்கான கட்டத்தில், பொட்டல எண்ணிக்கையால் பெருக்கும்படி ஒரு சிறு சூத்திரத்தை எழுதலாம். இந்தத் தளத்தில் நான் எழுதிய நிரல் என்று சொன்னால் அந்த ஒற்றை வரிதான்.

பணம் பெறுவதற்கான பேமென்ட் கேட்வே நிறுவனம் தொடர்பு முகவரி, தனியுரிமை, பணம் திருப்புதல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கங்கள் இருந்தால்தான் ஒப்புதல் தரும் என்றது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை அப்படியே ஒட்டினால், ‘பயன்படுத்தாத நிலையில் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்’ என்று கருப்பட்டிக்கும் துணிக்கடைச் சட்டம் பேச வேண்டியிருக்கும். கருப்பட்டி மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்; அது கெட்டுப்போனதன் அடையாளமாகாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், கோவையில் முதன்முறை வாங்குபவருக்குத் தெரியாது. தொலைபேசியில் கேட்பவர்களுக்கு அப்பா சொல்லும் விளக்கத்தைப் பதிவு செய்து, அதைத் திருத்தி எழுதி, கசிந்தால் வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கும்படியும், பொட்டலம் உடைந்து வந்தால் படத்துடன் தெரிவித்துப் பணத்தைத் திரும்பப் பெறும்படியும் பணம் திருப்புதல் பக்கத்தில் சேர்த்தேன். முழுத் தளத்திலும் அதிகம் யோசித்து எழுதிய பக்கம் அதுவே.

வரி விஷயத்தைக் கணக்கரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய கருப்பட்டிக்கு 2022 ஜூலையில் ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் பதினான்கு இலக்க உரிம எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட்டதோடு தளத்தின் அடிப்பகுதியிலும் போட்டிருக்கிறேன்.

தளம் வந்த பிறகும் பழைய வாடிக்கையாளர்களில் பலர் விலையை அதில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் சொல்கிறார்கள். அதைத் தடுப்பதில் பயனில்லை என்பதால், ‘வாங்கு’ பொத்தானுக்குக் கீழேயே வாட்ஸ்அப் பொத்தானையும் வைத்து, பொருளின் பெயர் செய்தியில் தானாக வந்து நிற்கும்படி இணைப்பை அமைத்துவிட்டேன். எந்தச் சரக்கு வேண்டும் என்று கேட்டு எழுதும் வேலை அதோடு குறைந்தது.