இயற்கை விளைபொருளுக்கு ஏன் இந்த விலை?

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற பாலக்காட்டின் கிழக்கோரத் தமிழ் ஊர்களில் இயற்கை விளைபொருளைப் பற்றிப் பேச்செடுத்தால், உரமும் மருந்தும் வாங்காதவர் விலையை மட்டும் ஏன் கூட்டிச் சொல்கிறார் என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது உரக்கடை ரசீதோடு நின்றுவிடுகிறது.

பெருஞ்செலவு களையெடுப்பில் இருக்கிறது. களைக்கொல்லி ஒரே தெளிப்பில் முடித்துவிடும் வேலையை, இயற்கை வயலில் ஆட்கள் குனிந்து கையால் செய்ய வேண்டியிருப்பதாலும், பண்ணைக்கூலி நாட்டிலேயே கேரளத்தில்தான் மிக அதிகம் என்பதாலும், ஒரே முறையில் விளைந்த நெல்லுக்குக்கூட கேரள–தமிழக எல்லையான வாளையாற்றுக்கு இப்புறம் ஒரு அடக்கவிலையும் அப்புறம் வேறொரு அடக்கவிலையும் ஆகின்றன. விளைச்சல் குறையும்போது அதே கூலி குறைவான மூட்டைகளின் மீது ஏறுகிறது. சான்றிதழ் முறையோ, பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளையும், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளையும் மாறுதல் காலமாகக் கேட்கிறது. அந்தக் காலத்தில் உழைப்பு இயற்கை முறையில், விற்பனை சாதாரண விலையில். விவசாயிகளே ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்றளிக்கும் பிஜிஎஸ் முறையில் கட்டணச் சுமை மிகக் குறைவு என்பது ஓர் ஆறுதல்.

மறுபக்கம், மலிவான காயும் அத்தனை மலிவானதன்று. 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 266 ரூபாய்க்குக் கிடைப்பதற்குக் காரணம், அதன் அடக்கவிலையில் பெரும்பகுதியை மத்திய அரசு மானியமாக ஏற்பதே. அந்தக் காயின் விலையில் ஒரு பங்கை நாம் வரியாக முன்பே கட்டிவிட்டோம். வேப்பம் புண்ணாக்குக்கும் தொழுவுரத்துக்கும் அந்த அளவுக்குக் கைகொடுப்பார் இல்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லிக்கு அப்பகுதி மக்கள் உடல்நலத்தால் கொடுத்த விலையும் எந்தக் கடை ரசீதிலும் ஏறவில்லை; நாடு முழுவதும் அதற்குத் தடை வந்தது 2011இல்தான்.

இதற்காக எல்லாவற்றையும் இயற்கை அங்காடியிலேயே வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கீரை, கறிவேப்பிலை, பாகற்காய் ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். வீட்டுத் தொடியில் மருந்தே காணாமல் காய்க்கும் பலாவுக்கும் முருங்கைக்கும் முத்திரை ஒட்டி இருமடங்கு விலை கேட்டால், வாங்காமல் வந்துவிடுவதே சரி.