அம்மாவோட பால்வாளியும் ஹார்பின் ஐஸ் விளக்கும்

சீனாவோட வடகிழக்குல இருக்குற ஹார்பின் ஊருக்கு போய்ட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பாசார்ல, அதான் சந்தைல, பாக்குறவங்க எல்லாம் இன்னும் குளிரு எப்படி குளிரு எப்படின்னு தான் கேக்குறாங்க, அதனால அத முதல்ல சொல்லிடறேன். மைனஸ் 24. மூக்குக்குள்ள இருக்குற முடி வெறச்சு குத்தும், போன வெளிய எடுத்தா கொஞ்ச நேரத்துல பேட்டரி செத்துடும், ஒரு படம் எடுத்துட்டு உடனே சட்டைக்குள்ள போட்டு சூடாக்கணும். மலேசியாவுல சுங்கை சிப்புட் பொண்ணுங்க நாங்க நாலு பேரு, எல்லாரும் ஒரே எஸ்டேட் தமிழ்ப்பள்ளி, ஜாக்கெட் எல்லாம் பழைய துணி விக்கிற பண்டல் கடைல தேடி எடுத்தது. 2023 டிசம்பர்ல மலேசிய பாஸ்போர்ட்டுக்கு சீனா விசா வேணாம்னு சொன்னதுலேர்ந்து பேசிக்கிட்டே இருந்தோம், இந்த ஜனவரில தான் நாலு பேருக்கும் லீவு சேந்து வந்துச்சு.

அங்கயும் இங்கயும் கடிகாரத்துல மணி ஒண்ணுதான், ஆனா நம்ம ஊர்ல பிள்ளைங்க பந்து விளையாட கெளம்புற நாலு மணிக்கு அங்க பொழுது சாஞ்சிடுது. அப்போதான் ஐஸ் வேர்ல்டுல லைட் போடுறாங்க. உலகத்துலயே பெரிய ஐஸ் பூங்கான்னு 2024 ஜனவரில கின்னஸ்ல போட்டாங்களே, அப்போவே 8 லட்சம் சதுர மீட்டருக்கும் மேல, அதேதான். கோபுரம், கோட்டை, பாலம், எல்லாமே ஐஸ் கட்டிய செங்கல் மாதிரி அடுக்கி கட்டினது, கட்டிக்கு உள்ளயே லைட். சிமெண்டுக்கு பதிலா தண்ணிதான், ரெண்டு கட்டிக்கு நடுவுல ஊத்தினா அப்படியே உறைஞ்சு ஒட்டிக்குது.

எனக்கு கோட்டைய விட அந்த கட்டிதான் பிடிச்சுது. கைய வெச்சு உள்ள பாத்தா கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் நிக்கிற ஆளு தெரியுது. சின்ன வயசுல ஐஸ் பால் வாங்க போவோமே, சிராப் ஊத்தி உருண்டையா புடிச்சு குடுப்பாங்களே, அந்த கடைல கோணிச்சாக்கு மூடி வெச்சிருக்குற ஐஸ் கட்டிக்கு நடுவுல வெள்ளையா ஒரு தண்டு ஓடும் ஞாபகம் இருக்கா? ஃபேக்டரில டின்ல ஊத்தி நாலு பக்கமும் ஒரே நேரத்துல உறைய வெக்கிறாங்க, அதனால தண்ணில இருக்குற காத்து எல்லாம் வெளிய போக வழியில்லாம நடுவுல மாட்டிக்குது. ஹார்பின்ல அப்படி இல்ல, சோங்குவா ஆறு மேலேர்ந்து கீழ மெதுவா உறையுது, காத்த கீழ இருக்குற தண்ணிக்கே தள்ளிட்டு உறையுது, டிசம்பர்ல அதத்தான் ரம்பம் போட்டு அறுத்து லாரில ஏத்துறாங்க. அறுக்க வர்றவங்கள்ல நெறைய பேரு விவசாயிங்க, கட்டட வேலைக்காரங்க. குளிர்காலத்துல வயலும் கெடையாது கட்டடமும் கெடையாது, அப்போ இந்த ஆத்து ஐஸ் தான் சோறு.

இத கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம்தான், எஸ்டேட்ல ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க. மழை பேஞ்சா பால்வெட்டு இல்ல, மரம் எல உதுத்துற மாசத்துல பாலும் கொறஞ்சிடும், சம்பளமும் கொறஞ்சிடும், அந்த மாசங்கள்ல எங்க லயத்துல, அதான் எஸ்டேட் ஆளுங்களுக்கு வரிசையா கட்டின வீடுங்கள்ல, கடைக்கு கடன் எழுதாத வீடே இருக்காது.

மறுநாள் ஜாவ்லின் பூங்காவுக்கு போனோம், 1963ல முதல் ஐஸ் விளக்கு கண்காட்சி வெச்ச எடம். நடுவுல கலாச்சாரப் புரட்சி வந்து நின்னு போயி, அப்புறம் 1985 ஜனவரி 5ல தான் இப்போ இருக்குற பெரிய திருவிழாவா ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா இதுக்கெல்லாம் மூலம் ஒரு வாளி. அந்தக் காலத்துல அங்க இருந்த விவசாயிங்களும் மீன் புடிக்கிறவங்களும் வாளில தண்ணி ஊத்தி ராத்திரி வெளிய வெப்பாங்களாம், ஓரம் மட்டும் உறைஞ்சதும் கவுத்து எடுத்து, நடுவுல உறையாம இருக்குற தண்ணிய கொட்டிட்டு, உள்ள மெழுகுவத்தி வெச்சுடுவாங்க. எவ்ளோ காத்து அடிச்சாலும் அணையாது. அத கேட்டுட்டு நான் கொஞ்ச நேரம் நின்ன எடத்துலயே நின்னுட்டேன். அம்மா 27 வருஷம் பால்மரம் வெட்டினவங்க, விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, போயி, நெத்தில லைட்ட கட்டிக்கிட்டு, அப்புறம் மரத்துல பால் வடியுற மங்கு மங்கா பால ஊத்தி சேத்து, மங்குலயே உறைஞ்சு போன கட்டிப்பாலயும் எடுத்து, தோள்ல கம்பு போட்டு ரெண்டு வாளி தூக்கினவங்க. விளக்கும் வாளியும் இருட்டும் எங்க வீட்லயும் தான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து படத்த காட்டினேன். அம்மா கோபுரத்த எல்லாம் வேகமா தள்ளிட்டாங்க, ஏணில நின்னு ஐஸ் செதுக்குற ஒரு ஆளோட படத்துல நின்னு, "ஏம்மா, கையொற கிழிஞ்சிருக்கே இவருக்கு, ஒரு நாளைக்கு எவ்ளோ கூலி குடுப்பாங்களாம்?"ன்னாங்க. நான் அத விசாரிக்காம வந்துட்டேன், இப்போ வரைக்கும் மனசுல இருக்கு.

போன சனிக்கிழமை அம்மாவோட பழைய பால்வாளிய கழுவி தண்ணி ஊத்தி, கூட்டாளியோட சாப்பாட்டுக் கடை ஃப்ரீசர்ல ராத்திரி முழுக்க வெச்சோம். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு கொண்டு வந்து, வாளி மேல பைப் தண்ணி விட்டு கவுத்து, மேல உறைஞ்சிருந்தத ஒடச்சு உள்ள இருந்த தண்ணிய கொட்டிட்டு, வாசல்ல வெச்சு அகல் ஏத்தினேன். ஆத்து ஐஸ் மாதிரி தெளிவா வரல, ஒரே வெள்ளை. அம்மா முட்டி போட்டு குனிஞ்சு ரெண்டு கையாலயும் அத தொட்டு பாத்தாங்க.

"கட்டிப்பால் மாதிரியே இருக்கும்மா"ன்னாங்க.