காலை உணவின் அரை மணி நேரம்

2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. வயிற்றுக்குக் கிடைத்ததைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பள்ளிக்குக் கிடைத்த இன்னொன்று, பாடம் இல்லாத, ஆசிரியர் பிள்ளைகளின் மனதைக் கவனிக்க ஏற்ற அரை மணி நேரம். வரிசையை நேராக்குவதிலேயே அதைத் தீர்த்துவிட்டால், அப்புறம் எந்த அன்புத் திட்டம் போட்டும் பலனில்லை.

உசிலம்பட்டி, சேடபட்டி பக்கத்து ஊர்களில் பெற்றோர் திருப்பூரிலோ கேரளாவிலோ வேலையில் இருக்க, அப்பத்தாவோ அம்மாச்சியோ வளர்க்கிற பிள்ளைகள் உண்டு. கிச்சடியைத் தொடாமல் விரலால் கோடு போடுகிற பிள்ளை அந்த நேரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். பாடம் தொடங்கிய பிறகு அதே பிள்ளையின் பெயர் ‘கவனிக்காதது’. ஈராசிரியர் பள்ளி என்றால் ஒருவர் வாசலிலும் ஒருவர் பந்தியிலும் நின்றால் போதும். “ஏன் சாப்பிடல?” என்று கேட்டால் “பசிக்கல டீச்சர்” என்பதற்கு மேல் பதில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னிக்கு உப்பு தூக்கலா இருக்கோ?” என்று ஆரம்பித்தால் ராத்திரி வீட்டில் நடந்தது தானாக வரும். சமைக்கிற மகளிர் குழு அக்காவிடமும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர் அதே தெருக்காரர். ஆசிரியருக்கு வாரக் கணக்கில் தெரியாதது அவருக்கு அன்றைக்கே தெரியும்.

யாரும் கவனிக்காத பிள்ளையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை, வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் பாருங்கள். முதலில் வருபவை கெட்டிக்காரர்களும் சேட்டைக்காரர்களும். கடைசியில் வருகிற நாலைந்து பெயரும் விட்டுப்போன பெயர்களும்தான் அடுத்த வாரத்து வேலை. அவர்களில் ஒருவரோடு தினம் இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்துப் பள்ளி நாள், படிப்பைத் தொடாமல் பேச வேண்டும். ஆட்டுக்குட்டி, கபடி, தம்பிப் பாப்பா, எதுவானாலும் சரி. இரண்டு மூன்று நாளில், “அதுசரி, வீட்டுப்பாடம் ஏன் எழுதல?” என்று வாய் தானாகத் திரும்பும். அத்தோடு கெட்டது. அந்த இரண்டு நிமிடமும் விசாரணைதான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

மனநிலையைச் சொல்லப் பெட்டி வைக்கிற பள்ளிகள் உண்டு. காலையில் வந்ததும் சந்தோஷம் என்றால் ஒரு டப்பாவில் புளியங்கொட்டை, வருத்தம் என்றால் இன்னொன்றில். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் டப்பாவைக் கரும்பலகைக்கு அடியில் வைத்து, “யாருப்பா வருத்தம் போட்டது?” என்று எல்லோர் முன்னும் கேட்டால் மறுநாள் முதல் ஊரே சந்தோஷம்தான். டப்பாவை அலமாரிக்குப் பின்னால் வையுங்கள். கொட்டைக்குப் பதில் பெயர் எழுதிய சின்ன அட்டை போடச் சொல்லுங்கள். அன்று மதியத்துக்குள் தனியாகப் போய்ப் பேசுங்கள்.

அடித்துக்கொண்டவர்களை உடனே “ஸாரி சொல்லு” என்று நிறுத்துவதில் பயனில்லை. மூச்சு அடங்கவே பத்து நிமிடம் ஆகும். தண்ணீர் குடிக்கவிட்டு, எதிரெதிராக அல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்றே கேள்வி: என்ன நடந்தது, யாருக்கு எங்கே வலித்தது, இப்போது என்ன செய்யலாம். மூன்றாவதற்குப் பிள்ளைகள் சொல்கிற பதிலை ஆசிரியர் திருத்தக் கூடாது. “அவன் ரப்பரை நான் தேடித் தர்றேன்” என்பது பெரிய பதில். அடியையும் மனத் துன்புறுத்தலையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. பிரம்பை விட்டவர்கள் பலர் பட்டப்பெயரை விடவில்லை. பிள்ளைகளைக் கற்றல் அளவுப்படி பிரிக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளைக்கூடத் திட்டுவதற்குப் பயன்படுத்த முடியும்: “இன்னும் அரும்புலயே கெட”. நிலைக் குழுக்கள் அந்தப் பாடவேளையோடு கலைய வேண்டும், சாப்பாட்டு வரிசைக்கு வரக் கூடாது. பந்தியில் யார் யாரோடு உட்காருவதில்லை என்பதையும் பாருங்கள். மதுரைச் சீமையில் அதற்குக் காரணம் எப்போதும் சண்டையாக இருக்காது. வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி இடம் மாற்றினால் பேச்சில்லாமல் சரியாகும். கூட்டுகிற வேலையும் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் சுற்றில் வரட்டும்.

மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போனவர்கள் நாலு நாள் கழித்து வருவார்கள். “சாமி கும்பிட்டாச்சா?” என்று வரவேற்றுவிட்டு, விட்ட பாடத்தைச் சொல்லித்தர இரண்டு பிள்ளைகளை ஒப்படையுங்கள். ஒருவரை மட்டும் விட்டால், அவர் வராத நாளில் திரும்பவும் அநாதை.

பிள்ளை ஏதோ சொல்ல வரும்போது, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உடல் சார்ந்த துன்பம் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றத்தைத் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி ஆசிரியர் மீதே வழக்காகும்.

கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போகிறவர் பதிவேடுகளை ஒப்படைக்கிறார். பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தது அவரோடு போய்விடுகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், பிள்ளைக்கு அரைப் பக்கம்: வீட்டில் யார் இருக்கிறார்கள், எதைச் சொன்னால் சிரிக்கும், எதற்குப் பயப்படும், யாரோடு உட்கார்ந்தால் படிக்கும். ‘திருடும்’, ‘பொய் சொல்லும்’ என்று எழுத வேண்டாம். 1098 வரை போன விஷயமும் அந்த நோட்டில் ஏறக் கூடாது, அதற்குத் தலைமையாசிரியரின் பூட்டிய பீரோ இருக்கிறது.