கதவு எந்தப் பக்கம்

பிப்ரவரி 9, திங்கள்

காலை எட்டரைக்கு வந்தார்கள். பதினொன்றுக்குள் பாத்ரூம் சுவரில் பாதி தரையில் கிடந்தது. வெள்ளை டைல்ஸுக்கு அடியில் இன்னொரு வரிசை டைல்ஸ், பாசிப்பச்சை. பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி ஒரு துண்டை எடுத்து ஊதிக் காட்டினார். "அக்கா, இந்தக் கலரைத்தான் இப்ப எல்லாரும் தேடுறாங்க." அப்பா அதை எவ்வளவு அவசரமாக மூடினார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதலில் கதவைக் கழற்றச் சொல்லியிருந்தேன். கடைசியில்தான் கழற்றினார்கள். நிலையில் கடப்பாரை வைத்து நெம்பிய இடம் அப்படியே இருக்கிறது. நிலையையும் எடுத்துவிடுங்கள் என்றேன். "நல்ல மரம்கா. பட்டி வெச்சுத் தேச்சா தெரியவே தெரியாது."

எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 10

தூசி. மூடியிருந்த பீரோவுக்குள்ளும் தூசி.

பிப்ரவரி 12, வியாழன்

அண்ணன் ராத்திரி முழுக்கப் படம் அனுப்பியிருக்கிறான். நாற்பத்தொன்று. கோடு கோடாகச் செதுக்கிய மரப் பலகை, கைப்பிடியே இல்லாத அலமாரிகள், மேடையில் தொடங்கி நிற்காமல் சுவரிலும் ஏறும் ஒரே கல், மங்கலான பித்தளைக் குழாய், தரையைத் தொடாமல் தொங்கும் கமோட். சாம்பல் நிறம் போய்விட்டதாம். இனி மண், மரம், இலைப்பச்சை.

கொஞ்சம் தேடிப் பார்த்தேன். பான்டோன் நிறுவனம் 2025க்கு அறிவித்த நிறம் மோக்கா மூஸ், ஒரு பழுப்பு. வீடுகள் வெள்ளையைக் கைகழுவிவிட்டன என்று அப்போது ஆளாளுக்கு எழுதினார்கள். 2026க்கு அதே நிறுவனம் அறிவித்திருப்பது கிளவுட் டான்சர். வெள்ளை. அப்பா பாவம், எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு வருடம் பிந்தியிருப்பார்.

நாற்பத்தொரு படத்தையும் திரும்ப ஒரு முறை பார்த்தேன். எந்தப் பாத்ரூமிலும் கதவு தெரியவில்லை. படம் எடுக்கிறவர் கதவுப் பக்கம் நின்றுதான் எடுத்திருப்பார்.

பிப்ரவரி 14, சனி

சமையலறை நடுவில் ஒரு ஐலண்ட் வேண்டும் என்கிறான். தனியாக நிற்கும் மேடை, சுற்றி உயர ஸ்டூல்கள். நான் வாதாடவில்லை. தரையில் ஒரு ஆணி வைத்து அதில் முப்பது அங்குலக் கயிறு கட்டி, மறுமுனையில் சாக்பீஸ் பிடித்து ஒரு வட்டம் போட்டேன். குறுக்கே ஐந்தடி. சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்று திரும்ப அந்த ஐந்தடி வேண்டும். ஐலண்ட் வர வேண்டிய இடம் வட்டத்துக்குள் பாதி விழுந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை.

வட்டம் போட்ட கையோடு முக்கோணத்தையும் அளந்தேன். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் கோடுகள். 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு இது. மூன்று பக்கமும் சேர்த்து 13 அடிக்குக் குறையக்கூடாது, 26ஐத் தாண்டக்கூடாது. நம்முடையது 17. தேர்ச்சி. ஆனால் அது இரண்டு காலில், இரண்டு கையும் சும்மா இருக்க நடக்கிறவருக்கான கணக்கு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் கொதிக்கிற பாத்திரத்தை எந்தக் கையில் தூக்குவார்? அடுப்பிலிருந்து சிங்க் வரை மேடை விட்டுப்போகாமல் இருந்தால் பாத்திரத்தைத் தூக்கவே வேண்டாம், நகர்த்திக்கொண்டே போகலாம். இப்போதைக்கு எனக்கு இருக்கிற ஒரே டிசைன் கொள்கை இதுதான்.

1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வரைந்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை வெறும் 1.9க்கு 3.4 மீட்டர். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி. அதில் சுழலும் ஸ்டூல் ஒன்று உண்டு, உட்கார்ந்து வேலை செய்ய. நூறு வருடம் ஆகிவிட்டது. அந்த ஸ்டூலை மட்டும் எங்கே தொலைத்தோம்?

பிப்ரவரி 15, ஞாயிறு

டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். சமையல் மேடை முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும். நிற்க முடியாதவருக்கு முழங்கை உயரத்தை எப்படி அளப்பது? படுக்கையில், குதிகாலிலிருந்து. கண்ணைத் திறந்து பார்த்தாள். "என்னடி, துணி தைக்கப் போறியா?"

37 அங்குலம். அப்படியானால் மேடை 32. அமெரிக்காவில் பொதுவாக 36 வைப்பார்கள். நம் பழைய மேடை 34. அம்மா எப்போதும் அடுப்புக்கு முன்னால் ஒரு பலகை போட்டு அதன்மேல் நிற்பாள். தரை சில்லென்று இருக்கிறது, அதனால்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது பிசியோதெரபி பெண் தடுத்து நிறுத்தினாள். "நிக்கிற அளவு எதுக்கு மேடம்? உக்கார்ற அளவு எடுங்க."

ஒரு பகுதி மட்டும் 30. கீழே அலமாரி கூடாது. முட்டி நுழைய 27 அங்குலம் காலியாக விட வேண்டும். 37 என்று எழுதிய தாள் பர்ஸிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாடி பாத்ரூமில் நாற்றம். எங்கோ குழாயை உடைத்துவிட்டார்கள் என்று மேஸ்திரியைக் கத்திவிட்டேன். பிளம்பர் வந்தார், மோந்து பார்த்தார், தரை ஜாலியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான். அடியில் இருக்கிற டிராப்பில் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும், சாக்கடைக் காற்றை மறிப்பது அதுதான். ஆள் புழங்காத பாத்ரூமில் அது காய்ந்துபோகும்.

மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று முழுக்க வாட்டம்.

குளிக்கிற இடத்துக்கும் மற்ற தரைக்கும் நடுவே தடுப்பு கிடையாது, ஒரே தளம். இது இப்போதைய ஃபேஷன். வாக்கருக்கும் இதுதான் தோது. ஃபேஷனும் அம்மாவும் ஒத்துப்போன ஒரே இடம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் தடுப்பு இல்லாவிட்டால் தண்ணீரை அடக்குவது வாட்டம், அதாவது தரையின் சரிவு, மட்டும்தான். அடிக்குக் கால் அங்குலம். குறைந்தால் தேங்கும், கூடினால் நாற்காலி நகரும். நடுவில் ஜாலி வைத்தால் நாலு பக்கமும் சரிய வேண்டும். அண்ணன் அனுப்பிய எட்டடி டைல் வளையாது, குறுக்காக வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் அந்த டைலுக்கு அர்த்தமே இல்லை. கடைசியில் சுவரோரம் நீளமான ஜாலி, ஒரே பக்கம் வாட்டம், தரைக்கு இரண்டங்குலச் சின்ன டைல். இடுக்கு அதிகம். இடுக்குதான் காலுக்குப் பிடிமானம். இடுக்கை அடைக்கும் கிரவுட் மட்டும் எபாக்ஸி, கறை ஏறாமல் இருக்க.

கடையில் வழுக்குத் தரம் கேட்டேன். ஆர் 9இலிருந்து ஆர் 13 வரை இருப்பது செருப்புக் காலுக்கு. ஈரத்தில் வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனிக் கணக்கு. பி இருக்கிறதா? கடைப்பையன் யோசித்துவிட்டு, "கிளாஸி இருக்கு, மேட் இருக்கு" என்றான். சாம்பிள் டைல் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தேன். நாலாவது டைல் தேறியது.

மாலையில் மேஸ்திரி மகனின் கோலிக்குண்டு ஒன்றை வாங்கித் தரைப்பூச்சில் விட்டேன். தயங்கியது. ஒரு கணம் அங்கேயே சுற்றியது. அப்புறம் சுவரைப் பார்த்துப் போனது.

பிப்ரவரி 20, வெள்ளி

வாட்டர் புரூஃபிங் முடிந்தது. ஜாலியை அடைத்துத் தண்ணீர் கட்டியிருக்கிறது. 24 மணி நேரம் நிற்க வேண்டும். தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

பதினொன்றே காலுக்குப் போன். காய்ச்சலாம்.

பிப்ரவரி 21, சனி

கோடு இறங்கவில்லை. காய்ச்சலும் இறங்கவில்லை.

பிப்ரவரி 22

99.4. சரி.

பிப்ரவரி 24, செவ்வாய்

கல் வந்தது. கல் வெட்டும் பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். மூக்கில் ஒரு துண்டு கட்டியிருந்தான். மெஷினை ஓட்டியதும் வெள்ளைப் புகை எழும்பி அவன் தலை, புருவம், பக்கத்திலிருந்த செடி எல்லாம் ஒரே நிறம் ஆகிவிட்டது.

நிறுத்தச் சொன்னேன். குவார்ட்ஸ் என்று விற்கிற இந்தக் கல் மலையில் வெட்டியது அல்ல. தூளாக்கிய குவார்ட்ஸைப் பிசினில் குழைத்து அழுத்திச் செய்வது. சிலிக்கா 90 சதவிகிதத்துக்கு மேலேகூட இருக்கும். காயவைத்து வெட்டினால் அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும், திரும்பி வராது. வெட்டுகிறவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடைசெய்தது. இதெல்லாம் எனக்குப் போன மாதமே தெரியும். கறை பிடிக்காது என்பதற்காக ஆர்டர் கொடுத்தேன். செடி வெளுத்த பிறகுதான் உறைத்தது.

திருப்பி அனுப்பியாயிற்று. பளபளப்பு ஏற்றாத கிரானைட். அதிலும் சிலிக்கா உண்டு, இதைவிடக் குறைவு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும், வடிகட்டி வைத்த முகமூடி நானே வாங்கிக் கொடுத்தேன். பையன் பத்து நிமிடம் போட்டிருந்தான். அப்புறம் கழற்றிக் கிளையில் மாட்டினான். மறுபடி போட வைத்தேன். சிரிக்கிறான்.

பிப்ரவரி 26, வியாழன்

நன்றாகப் பேசினாள் இன்று. பத்து நிமிடம். கல் என்ன நிறம் என்று கேட்கவில்லை, மேடை எத்தனை உயரம் என்று கேட்கவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் இருக்கா?"

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றுகிறோம் அம்மா, தாழ்ப்பாள் எதற்கு, வீட்டில் நாம்தானே, என்று இழுத்தேன்.

"தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமுக்கு நான் வரல. இங்கயே இருந்துக்கறேன். இங்கயும் இல்ல, ஆனா இது என் வீடு இல்ல."

மார்ச் 1, ஞாயிறு

மூன்று மணிக்கு விழிப்பு. சத்தம் எதுவும் இல்லை. போய் நிலை இல்லாத வாசலைப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

கைப்பிடிக் கம்பிகள். மேஸ்திரி துண்டு போடுகிற கம்பியையே கொஞ்சம் பலமாக மாட்டிவிடலாம் என்றார். உள்ளே போய் அந்தப் பழைய கம்பியை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டேன். வளைந்தது. முனையில் பிளாஸ்டிக் முளை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம், அதற்கு மேல் போனால் கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். 113 கிலோ பாரம் தாங்க வேண்டும். டைல்ஸ் தாங்காது, பின்னால் இருக்கிற செங்கல்தான் தாங்க வேண்டும், நீள ஆணி. கறுப்பு மேட். ஃபேஷனுக்காக இல்லை, வெளிர் சுவரில் வெள்ளிக் கம்பி அம்மா கண்ணுக்குத் தெரியாது. மாட்டி முடித்ததும் மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். நானும் தொங்கினேன்.

அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். "ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிடாத."

பதில் போடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கைப்பிடி இல்லாத அலமாரிகள் பார்க்க அழகுதான். விளிம்புப் பள்ளத்தில் விரல் விட்டு இழுக்க வேண்டும். ஷோரூமில் விரல்களை மடக்கி முட்டியால் திறந்து பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. விற்பனையாளர் நான் கோபத்தில் குத்துகிறேன் என்று நினைத்து இரண்டடி பின்வாங்கினார். அகலமான கைப்பிடி வாங்கினேன். முட்டியை நுழைத்து இழுத்தால் வரும்.

கீழ்ப்பகுதி முழுக்க டிராயர். குனிந்து, மண்டியிட்டு, உள்ளே தலையை விட்டுத் தேடுகிற அலமாரியெல்லாம் முடிந்த கதை. கார்பெண்டர் கீலுக்கு 35 மில்லிமீட்டர் குழி போட்டுக்கொண்டே போனார். வட்ட வட்டமாக மரத்தூள் விழுந்தது. இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த சத்தம் இது.

மார்ச் 9

"ஆஸ்பத்திரி மாதிரி இருந்திருந்தா அவ ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டா." அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பியிருக்க வேண்டாம்.

மார்ச் 11, புதன்

கதவு மாட்டியாச்சு. 32 அங்குல வழி. வெளியே திறக்கிறது. திறந்தால் நடையில் இருந்த சுவிட்ச் போர்டை மறைக்கிறது என்று கார்பெண்டர் கீல் பக்கத்தை மாற்றினார். இருபது தடவை திறந்து மூடினேன். உள்ளே தரையில் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்து, வெளியிலிருந்து கார்பெண்டரை இழுக்கச் சொன்னேன். திறந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன்.

தாழ்ப்பாள் உண்டு. வெளிப்பக்கம் ஒரு சின்னக் கீறல், அதில் காசு வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

மார்ச் 12, வியாழன்

வண்டி கிளம்பிவிட்டதாம். கண்ணாடி இன்னும் மாட்டவில்லை. ஷவர் குழாயில் 38 டிகிரியில் ஒரு தடுப்பு இருக்கிறது, அதை அழுத்தாமல் அதற்கு மேல் சூடு ஏறாது. கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன். மேஸ்திரி பச்சை டைல் ஒன்றைக் கழுவி ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி

காலை ஆறு ஐம்பது. வேண்டாம், நானே போறேன் என்றாள். வாக்கரின் நாலு கால் சத்தம். கதவு. தாழ்ப்பாள் விழுந்தது. நடையில் நின்றுகொண்டு இதைத் தட்டச்சு செய்கிறேன், இன்னொரு கையில் காசு.