1970 டாட்ஜ் சேலஞ்சர் முகத்தோட ஒரு கம்ப்யூட்டர் கேஸ்

டாட்ஜ் சேலஞ்சர்ங்கிற அமெரிக்கக் காரோட முன்பக்கம் மாதிரியே கம்ப்யூட்டர் கேஸ் செய்யப் போறீங்களா? கோயமுத்தூர்ல ஷீட் வேலைக்குக் கவலையே இல்லீங்க. கணபதி பக்கம் பட்டறைகள்ல லேசர் கட்டிங், ஷீட்டை வளைக்கிற பெண்டிங் ரெண்டையும் முடிச்சுத் தருவாங்க. 1.2 மி.மீ. சி.ஆர். (கோல்டு ரோல்டு இரும்பு) ஷீட் எடுங்க. 0.8 எடுத்தா வெல்டிங் சூட்டுல நெளிஞ்சிரும்.

நிஜமான வேலை ஷேக்கர் ஸ்கூப்லதான் இருக்கு, அதாவது எஞ்சினுக்குக் காத்து இழுக்குற மூடியில. காருல அது எஞ்சின் மேல உக்காந்து, பானெட் ஓட்டை வழியா எட்டிப் பாக்கும். எஞ்சின் ஆடுனா அதுவும் ஆடும். அத்தனை அழகான ஒண்ணைச் சும்மா பொம்மையா ஒட்டிராதீங்க. அடியில 120 மி.மீ. ஃபேன் வெச்சு, அது வழியாவே காத்தை உள்ள இழுக்க வைக்கோணும். வாய் 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் வேணும். ஃபேனோட காத்துப் பரப்பே கிட்டத்தட்ட 100 சதுர செ.மீ.; வாயைக் குறுக்குனா ஃபேன் இரையும், கிராபிக்ஸ் கார்டு சுடும்.

மதர்போர்டை மாட்டுற தகடான ட்ரேயில துளைகளை வெல்டிங் முடிஞ்ச பொறகு போடுங்க. முன்னாடியே போட்டா சூட்டுல ஷீட் இழுத்து, ஸ்க்ரூ நேரா உக்காராது. ஸ்டாண்ட்ஆஃப் (மதர்போர்டைத் தாங்குற சின்னத் தூண்) வர்ற இடங்கள்ல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுப் பெயிண்ட் அடிங்க, இல்லைன்னா எர்த் சரியா கிடைக்காது.

பெயிண்டுக்கு முன்னாடி மேடுபள்ளத்தை நிரப்புற பட்டியை (putty) மெல்லிசா, தடவைக்குத் தடவை காயவிட்டுப் பூசுங்க. மொத்தமா அப்புனா விரிசல் விட்டு வெடிக்கும். கலர்? அந்தக் காருக்கே வந்த பிளம் கிரேஸி ஊதாதான், வேற யோசிக்கவே வேண்டாம்.