பிராட்செட்டை எங்கிருந்து தொடங்குவது?

மார்ச் 2

தங்கை கேட்டாள்: "அண்ணா, டெர்ரி பிராட்செட் படிக்கணும். எதுல ஆரம்பிக்கிறது?"

மாயாஜாலக் கதைகளை நகைச்சுவையாக எழுதிய ஆங்கில எழுத்தாளர் அவர். டிஸ்க்வேர்ல்டு என்ற கற்பனை உலகத்தில் நடக்கும் வரிசையில் மட்டும் 41 நாவல்கள். முதலாவதான 'தி கலர் ஆஃப் மேஜிக்' 1983-இல் வந்தது. கடைசி நாவல் 2015-இல், அவர் மறைந்த சில மாதங்களில் வந்தது. முதலிலிருந்தே போகட்டும் என்று முதல் நாவலைக் கொடுத்தேன்.

மார்ச் 9

பாதியிலேயே மூடிவைத்துவிட்டாள். தப்பு என்னுடையது. பழைய மாயாஜாலக் கதைகளைக் கேலி செய்யும் நாவல் அது; அவற்றில் பழகாதவர்களுக்குப் பாதிக் கேலி பிடிபடாது. ஆமையின் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான உலகம் என்ற கற்பனை அபாரம்தான். ஆனால் மனதில் தங்கும் மனிதர்களை அவர் பின்னால்தான் படைத்தார். போதாக்குறைக்குக் கதை அந்தரத்தில் நின்றுவிடும். மீதியை அடுத்த புத்தகத்தில் தேட வேண்டும்.

மார்ச் 10

'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) கொடுத்தேன். இதற்கு முன்னால் எதையும் படித்திருக்கத் தேவையில்லை. கதாநாயகன் கையில் செத்து விழுவதற்காகவே கதைகளில் ஓடிவருவார்களே, பெயரில்லாத காவலர்கள், அவர்களுக்குத்தான் இந்த நாவலைச் சமர்ப்பித்திருக்கிறார். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 15

இரவு பதினொன்றரைக்குப் போன். "கேரட் திருடர் சங்கத் தலைவரையே கைது பண்ணிட்டான்ணா!" கதை நடக்கும் ஊரில் திருட்டு சட்டப்படி நடக்கும் தொழில். புதிதாகக் காவலர் வேலைக்குச் சேர்ந்த கேரட் என்ற இளைஞனுக்கு அது தெரியாது. சட்டப் புத்தகத்தை அப்படியே நம்புகிறவன். சரி, பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 17

அடுத்து எது என்கிறாள். காவலர் கதைகள் மொத்தம் எட்டு. இவற்றை மட்டும் வெளிவந்த வரிசையில் படிப்பதே நல்லது. குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடந்த காவலர் தலைவன் வைம்ஸ் ஒவ்வொரு புத்தகமாக எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். 'நைட் வாட்ச்' (2002) எனக்கு உயிர். ஆனாலும் அதை முதலில் யாருக்கும் தரமாட்டேன். முப்பது வருடம் பின்னால் போய்த் தன் இளவயது உருவத்துக்கே வைம்ஸ் வழிகாட்டுகிறான். அவன் பட்டதெல்லாம் தெரிந்த பிறகு படித்தால்தான் அது நெஞ்சைப் பிடிக்கும்.

காவலர் கதை வேண்டாம் என்பவர்களுக்கு 'மார்ட்' (1987). மரணமே ஒரு பாத்திரமாக வந்து, தனக்கு ஒரு பையனை உதவியாளாக வைத்துக்கொள்ளும் கதை. மரணத்தின் பேச்சு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேப்பிட்டல்) வரும். தமிழில் பெரிய எழுத்து ஏது? அந்தக் குரலை எப்படிக் கொண்டுவருவது என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தனியாக ஒரே ஒரு நாவல் போதும் என்றால் 'ஸ்மால் காட்ஸ்' (1992).

மார்ச் 26

'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) பாதி தாண்டிவிட்டாள். வைம்ஸின் செருப்புக் கணக்கைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஐம்பது டாலர் பூட்ஸ் பத்து வருடம் உழைக்கும். பத்து டாலர் பூட்ஸ் ஓரிரு பருவத்தில் ஒழுகும். ஏழை அதே பத்து வருடத்தில் நூறு டாலர் செலவழித்தும் ஈரக் காலோடுதான் நடப்பான். கீழே ஒரு வரி: "இது மாயாஜாலக் கதையாண்ணா?"

மூன்றாவது புத்தகத்தை எடுத்துவைத்திருக்கிறேன்.